நடைப்பாய்

சுபிக்ஷா காபித் தட்டோடு கூடத்துக்குள் காலை எடுத்து வைக்கப் போனாள். பாயை விரித்து அதன் மூலைகளை நீவிக்கொண்டிருந்த ஜெரால்டு கையைக் காட்டித் தடுத்தான்.

"தட்டு வேணாம்மா. கைய வீசி, எப்பவும் போல நடங்க. எதையாவது தூக்கிட்டு நடந்தா எடை முன்னங்காலுக்குப் போயிரும். பாய் குழம்பிரும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து தட்டைத் தானே வாங்கிக்கொண்டார். "பாய் குழம்ப வேணாம். காபிய நானே எல்லாருக்கும் குடுத்துக்கறேன்," என்றார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுபிக்ஷாவும் சிரித்தாள்.

சுவரோரம் நின்ற யோகஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் ஜெரால்டு வேலை பார்க்கும் அதே 'நேர்நடை' நிறுவனத்தில்தான் பாய் விரிக்கிறாள். ஆனால் சொந்த அக்காவின் நடையை அளக்க விதி இடம் தராது. அதனால் ஜெரால்டு செய்ததை எல்லாம் மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தரை சமம். பாயில் சுருக்கம் இல்லை. அக்காவின் கால் ஈரம் துடைத்தாயிற்று. கொலுசைக் கழற்றியாயிற்று. எல்லாம் சரியாக இருந்தும் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். தான் எதையோ விட்டுவிட்டோம் என்ற நினைப்பு அவளைவிட்டு என்றுமே போனதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நடக்கச் சொல்லிப் பார்ப்பது திண்டுக்கல்லுக்குப் புதிதில்லை. பாய்தான் புதிது. முட்டி மாற்று அறுவைக்கு இனிமேல் காப்பீடு கிடையாது என்று ஆன பிறகு வந்தது அது. நாற்பது வயதில் முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிடும் மருமகளை யார் வைத்துப் பார்ப்பது என்ற பயம் எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு நேர்நடை ஒரு பாய் செய்து கொடுத்தது. பாயில் நடந்தால் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு எடை விழுகிறது என்று அது பார்க்கும். முட்டி உள்பக்கம் சாய்ந்த கால் பெருவிரல் பக்கம் அழுத்தும். வெளிப்பக்கம் வளைந்த கால் சுண்டுவிரல் ஓரத்தில் அழுத்தும். அதை வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கால் எப்படி நிற்கிறது என்று கணக்குப் போட்டு, முட்டி எத்தனை வயதுவரை தாங்கும் என்று சொல்லிவிடும். நல்ல கால் என்றால் பாயின் ஓரத்தில் பச்சை எரியும். மாப்பிள்ளைகளை யாரும் நடக்கச் சொல்வதில்லை.

சுபிக்ஷா நடந்தாள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். கோ-கோ ஆட்டத்தில் மாவட்டத்துக்கே ஆடியவள். அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருக்கும். பாயின் முனையில் திரும்பி நின்று, மாப்பிள்ளை இன்பராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இரண்டு வருஷமாக ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய்த்தான் இந்தப் பெண் பார்த்தலே. அவனுடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை பாயில் நடந்துவிட வேண்டும்.

பாயின் ஓரத்தில் சிவப்பு எரிந்தது.

ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டு, "உள்பக்கச் சாய்வு," என்றான். "முட்டி நாப்பத்தி ரெண்டுவரைக்கும் தாங்கும்னு காட்டுது."

"இவளுக்கா?" என்றார் சுபிக்ஷாவின் அம்மா மஞ்சுளா. "இவ ஓடுனா நாய் கூடப் பிடிக்க முடியாதுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷி அல்ல அவர். அவருடைய மாமியார் பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். "நான் வேணாம்னு சொல்லலை," என்றார். "இப்பத்தான் கால நேராக்குற ஆப்பரேஷன் வந்துருக்கே. சரி பண்ணிட்டு வரட்டும். நாங்க காத்திருக்கோம்."

இன்பராஜ் எழுந்து நின்றான். ஏதோ சொல்லப் போகிறவன்போல இருந்தது. செருப்பைத்தான் மாட்டினான்.

*

அடுத்த மாதம் யோகஸ்ரீக்கு ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேலை விழுந்தது. கர்ப்பிணிகளின் முட்டியையும் நேர்நடைதான் பார்த்தது. வந்தவர்களில் ஒருத்தியின் முகம் எங்கேயோ பார்த்ததாக இருந்தது. பெயர் ரம்யப்பிரபா. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நத்தத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது பாய் விரித்தது யோகஸ்ரீயேதான். அன்று சிவப்பு, உள்பக்கச் சாய்வு. அந்தச் சம்பந்தம் நின்றுபோய், பாய் கேட்காத வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

இன்று பச்சை எரிந்தது.

யோகஸ்ரீ முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அன்று பாயைத் தலைகீழாக விரித்திருப்போமோ? தரையைச் சரிபார்த்தாள். பாயைச் சுருட்டித் திரும்ப விரித்தாள். வயிறு தள்ளினால் எடை குதிகால் பக்கம் போகும், பாதத்தின் உள்ளோரத்திலிருந்து வெளியோரத்துக்குப் போகாது. அதையும் யோசித்துக் கழித்தாள். "இன்னொரு தடவ நடக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள். மறுபடியும் பச்சை.

"எத்தனை தடவதாம்மா நடக்க?" என்றாள் ரம்யப்பிரபா. "இந்தப் பாய்ல நடந்தா மெட்டி இடிக்குது. விரலைத் தூக்கிக்கிட்டே நடக்க வேண்டியிருக்கு."

யோகஸ்ரீ குனிந்து பார்த்தாள். இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி. வீங்கிய காலில் இறுகிப்போய் இருந்தது. "வலிச்சா அதக் கழட்டி வச்சுட்டு நடங்களேன்," என்றாள்.

உடன் வந்த மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன பேச்சு பேசுற நீ? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், மெட்டியக் கழட்டவா? படிச்ச புள்ளதான நீ?"

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றாள் யோகஸ்ரீ. அவள் கண் அந்த விரலிலேயே இருந்தது. மெட்டி தரையில் படாமல் இருக்க, இரண்டாம் விரல் லேசாக உயர்ந்திருந்தது. அது உயர்ந்ததில் பாதமே ஒரு மயிரிழை வெளிப்பக்கம் உருண்டிருந்தது.

அன்று மாலை வகுப்பில் அவள் ஒரு வார்த்தையும் கவனிக்கவில்லை. வேலை முடிந்து அவள் புள்ளியியல் பட்டயம் படித்துக்கொண்டிருந்தாள். எந்த அளவுகோலுக்கும் முன்னால், அதை எந்த மனிதர்களை வைத்துச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். பாய்க்குப் 'பெண்ணின் நல்ல நடை இதுதான்' என்று கற்றுக்கொடுத்த பெண்கள் யார்?

*

"கல்யாணம் ஆன பொம்பளைங்கதான்," என்றார் கிளை மேலாளர் முகுந்தன். "நான்தான முகாம் போட்டேன். இலவசமா முட்டி பாக்குறோம்னு சொன்னோம். மூவாயிரம் பேர் வந்தாங்க. கல்யாணமாகி முப்பது வருஷம் கழிச்சும் முட்டி நல்லா இருக்கறவங்களைப் பிரிச்செடுத்து அவங்க நடையத்தான் பாய்க்குச் சொல்லிக் குடுத்தோம். அதுல என்ன தப்பு?"

"கொலுசு கழட்டச் சொன்னீங்களா சார்?"

"கொலுசு, செருப்பு, எல்லாம்."

"மெட்டி?"

முகுந்தன் அவளைப் பார்த்த பார்வையில் அந்த மாமியாரின் பார்வை இருந்தது. "சுமங்கலிகிட்டப் போய் மெட்டியக் கழட்டுன்னு யார் சொல்லுவா? எனக்கு வாய் வருமா? எங்க வீட்டுல சொன்னா சோறு கிடைக்காதும்மா."

"பொண்ணு பார்க்கப் போற வீட்டுல, நடக்குற பொண்ணு காலுல மெட்டி இருக்காதே சார்."

முகுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மெட்டி போட்ட கால் கொஞ்சம் வெளிப்பக்கம் உருளும். அதத்தான் பாய் நேர்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அப்ப நிஜமாவே நேரா இருக்கற காலு அதுக்கு உள்பக்கம் சாஞ்ச மாதிரி தெரியும். கொஞ்சம் வளைஞ்ச காலுக்குத்தான் பச்சை எரியுது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இதான். நான் தப்பாக்கூட இருக்கலாம். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நம்ம பாயில நடந்தவங்களப் பிரிச்சுப் பாத்தேன். ஒருத்தர்கூட விதிவிலக்கு இல்ல. எல்லாருமே மெட்டி போட்டதும் ஒரே பக்கம் நகந்திருக்காங்க."

முகுந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. "இது உண்மைன்னா, எத்தனை கல்யாணம் நின்னுருக்கு? எத்தனை பொண்ணுங்க கால வெட்டித் திருத்திருக்காங்க? அதுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"இனிமே நிக்காம இருக்கட்டும் சார்."

"தலைமை அலுவலகத்துக்கு எழுது. உன் பேர்ல எழுது. நான் தடுக்கல," என்றார். "ஆனா வெளிய வாயத் தொறந்தா நாம ரெண்டு பேருமே வீட்டுல உக்காரணும்."

அவள் எழுதினாள். நாலு வரி எழுதி மூன்று வரி அடித்து, ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் 'இது தவறாகவும் இருக்கலாம்' என்று சேர்த்து, பிறகு அந்த வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினாள். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதோடு சரி.

*

சுபிக்ஷாவின் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. யோகஸ்ரீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாய் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அம்மாவின் மெட்டியையும் பீரோவிலிருந்து எடுத்து வைத்தாள். அப்பா போனபின் அம்மா அதைத் தொட்டதே இல்லை.

"இதப் போட்டுக்கிட்டு நடக்கா."

சுபிக்ஷா வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்டி, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே மெட்டியா? மாப்ளைய நீயே பாத்துட்டியா?"

சத்தம் கேட்டு உள்ளே வந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "யோகி! கல்யாணம் ஆகாத புள்ள காலுல மெட்டியா? அதுவும் என்னோடதா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" அவர் பிடுங்குவதற்குள் சுபிக்ஷா இரண்டு விரலிலும் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பச்சை எரிந்தது.

கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள். சிவப்பு. மாட்டினால் பச்சை. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் கால் நேரா இருக்குக்கா," என்றாள் யோகஸ்ரீ. "பாய்தான் கோணல். ஆப்பரேஷன் வேணாம். அவங்க தொடை எலும்பை முட்டிக்கு மேல ஆப்பு மாதிரி வெட்டி, கால வெளிப்பக்கமாத் திருப்பித் தகடு வச்சு முடுக்கிருவாங்க. நல்லா இருக்கற காலை வளைக்கப் போறாங்க."

சுபிக்ஷா பாயின் மேலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் பாய் அர்த்தமில்லாமல் மஞ்சளாக எரிந்தது. போனை எடுத்து இன்பராஜைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் நம்புறேன் சுபி," என்றான் அவன். "எனக்குப் பாயே தேவையில்ல. ஆனா அம்மாகிட்ட என்னன்னு சொல்ல? உன் தங்கச்சி சொன்னான்னா? பொண்ணு வீட்டுக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு கேப்பாங்க. கம்பெனி சொல்லட்டும், நான் பேசறேன்."

"கம்பெனி எப்பச் சொல்லும்?" என்று சுபிக்ஷா தங்கையிடம் கேட்டாள்.

"தெரியலக்கா. அனுப்பியிருக்கேன். நான் கணக்குல எங்கயாவது தப்புப் பண்ணிருந்தாலும்..."

"தப்புப் பண்ணிருக்கியா?"

"இல்லன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறியா?" சுபிக்ஷா மெட்டியைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். "யோகி, எனக்கு முப்பது ஆகப் போகுது. சிவப்பப் பாத்தா மத்த வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. காத்திருக்கேன்னு சொன்னது இவங்க ஒருத்தங்கதான். பாய் தப்புன்னு ஊர் உலகத்துக்கு நிரூபிக்க எத்தனை வருஷம் ஆகும்னு உனக்கே தெரியாது. என் காலை மாத்த ஒரு காலைப்பொழுது போதும்."

"அப்புறம் நீ ஓட முடியாதுக்கா."

"ஓடுறதப் பாத்து யாரும் பொண்ணு கேட்டு வரலையே," என்றாள் சுபிக்ஷா.

மருத்துவரிடமும் யோகஸ்ரீ போய்ப் பார்த்தாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நிக்கறப்ப எடுத்த படத்துல நேராத்தான் இருக்கு. ஆனா நடக்கறப்ப எப்படின்னு பாய்தானே சொல்லும்? கேட்டா செய்றோம். மூக்கைத் திருத்திக்கறாங்க, பல்லைத் திருத்திக்கறாங்க. இது கால். அவ்வளவுதான்."

*

அறுவை நல்லபடியாக நடந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் ஒரு கால், அது கூடிய பிறகு மற்றது. சுபிக்ஷா கழிப்பறைக்குப் போக அம்மாவின் தோளைப் பிடித்தாள். பிறகு நடைச்சட்டத்தைப் பிடித்தாள். பிறகு சுவரை. பள்ளியில் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வந்துவிட்டாள். மாணவிகள் கோ-கோவில் வென்ற கோப்பையோடு வீட்டுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு சுபிக்ஷா நீண்ட நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இன்பராஜ் வாரம் தவறாமல் வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து தானே உரித்துக் கொடுத்தான். அவன் நல்லவன்தான் என்பதில் யோகஸ்ரீக்குச் சந்தேகமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் அக்காவிடம் சண்டை போட்டிருக்கலாம்.

எலும்பு கூடிய பிறகும் மழை நாளில் தகடு இருக்கும் இடம் குடைந்தது. செருப்பின் வெளியோரம் சீக்கிரம் தேய்ந்தது. யோகஸ்ரீ அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வாசலில் வைத்தாள். பழைய பாயில் ஒரு நாள் நடக்கவைத்தார்கள். மெட்டி இல்லாமலே பச்சை எரிந்தது. அம்மா அழுதார். சுபிக்ஷா பிரம்பை ஊன்றி நின்றுகொண்டு, "பாத்தியாடி, பாய்க்கு என்னைப் பிடிச்சிருச்சு," என்றாள்.

யோகஸ்ரீ தலைமை அலுவலகத்துக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவின் கால் போனது போகட்டும். இன்னொருத்தியின் கால் போகக் கூடாது. விடாமல் எழுதினாள். கேட்ட கணக்கை எல்லாம் கொடுத்தாள். காணொளியில் கூப்பிட்டுக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு பேச்சு மூச்சே இல்லை.

*

இன்பராஜின் வீட்டார் இரண்டாம் முறை வந்தபோது பூவும் பழமும் கொண்டு வந்தார்கள். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா சுபிக்ஷாவின் கன்னத்தை வழித்து, "எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே சாமி," என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். "இந்தப் பாய் ஒரு சடங்குக்குத்தான். நடந்துட்டு வந்துரு, பூ வச்சிரலாம்."

ஜெரால்டு பாயை விரித்தான். சுபிக்ஷா பிரம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா," என்றான் ஜெரால்டு, கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே. "பாய் ஏதோ புதுசா இறக்கிக்கிட்டு இருக்கு. முடியட்டும்."

யோகஸ்ரீயின் போன் அடித்தது. முகுந்தன். அவர் குரலில் இதுவரை கேட்காத சந்தோஷம். "வாழ்த்துகள்மா! உன் திருத்தத்த ஏத்துக்கிட்டாங்க. இன்னிக்குக் காலையிலருந்து எல்லாப் பாய்க்கும் போயிக்கிட்டிருக்கு. இனிமே நேரா இருக்கற காலுக்குத்தான் பச்சை. உன் பேரப் போட்டு..."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஜெரால்டு, "ம், முடிஞ்சிருச்சு. வாங்கம்மா," என்றான்.

"இன்னிக்கு வேணாம்," என்றாள் யோகஸ்ரீ.

கூடம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. "ஏன் வேணாம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குரலில் இருந்த கனிவு மெல்லப் பின்வாங்கியது. "என்ன விஷயம்? அன்னிக்கும் நீ என்னமோ பாய் தப்புன்னு சொன்னேன்னு இவன் சொன்னான்."

யோகஸ்ரீ வாயைத் திறந்தாள். பாய் இவ்வளவு நாளும் தப்பு, இன்றுதான் சரியாயிற்று, அதனால் என் அக்கா நடக்கக் கூடாது. இதை எந்த வரிசையில் அடுக்கினாலும் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்று அமையவில்லை.

"தள்ளுடி," என்றாள் சுபிக்ஷா மென்மையாக. "நான் நல்லா நடப்பேன்."

அவள் நல்லபடிதான் நடந்தாள். வலியைக் காட்டாமல், தோளை நிமிர்த்தி, கையை வீசி நடந்தாள். முனைக்குப் போய்த் திரும்பி நின்று இன்பராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம்தான் பாயின் ஓரத்தைப் பார்த்தாள்.

ஜெரால்டு கருவியை ஒரு தடவை தட்டினான். "வெளிப்பக்க வளைவு," என்றான். "முப்பத்தொம்பது."

"போன தடவ உள்பக்கம்னு சொன்னீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க. இப்ப வெளிப்பக்கம் காட்டுது."

"டாக்டர் கொஞ்சம் அதிகமா இழுத்துட்டாரு போல," என்றார் யாரோ ஒரு பெரியப்பா. மாப்பிள்ளையின் அம்மா பூவைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை, பையை மூடவும் இல்லை. அப்படியே எழுந்தார். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்," என்றார். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். இன்பராஜ் வாசலில் நின்றான். அவனுடைய அம்மா கூப்பிட்டதும் போனான்.

மஞ்சுளா பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று மறந்தவர்போல நின்றார்.

"யோகி," என்றாள் சுபிக்ஷா. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் குரல் அது. "இப்பப் பாய் சொல்றது சரியா?"

யோகஸ்ரீ தன் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"சரிதான்க்கா," என்றாள்.

சுபிக்ஷா தலையை ஆட்டினாள். அவள் இன்னும் பாயின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். ஜெரால்டு அதைச் சுருட்டுவதற்காகக் காத்திருந்தான்.